மைனிங் மெஷின் ஆன்லைனில் வாங்குகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைச் செய்யுங்கள்

மைனிங்குக்காக, அதாவது கணினிக் கணக்குகளை ஓட்டி கிரிப்டோ நாணயம் ஈட்டுவதற்காக, 2021 மார்ச்சில் ஓர் ஆர்.டி.எக்ஸ். 3060 கிராபிக்ஸ் கார்டுக்கு ஆன்லைன் கடை ஒன்றில் ரூ.42,500 கட்டினேன். அதைத் தயாரிக்கும் என்விடியா இந்தியாவில் அறிவித்த ஆரம்ப விலை ரூ.29,500. பதின்மூன்றாயிரம் கூடுதல் என்று தெரிந்தேதான் கட்டினேன்; வேறெங்கும் சரக்கு இல்லை. ஆறு நாள் ‘ப்ராசஸிங்’ என்றே காட்டியது. ஏழாம் நாள் காலை, ஸ்டாக் இல்லாததால் ஆர்டர் ரத்து என்று மெயில். அன்று மாலை அதே தளத்தில் அதே கார்டு ரூ.58,000. பணம் திரும்பி வந்தபோது ‘கேட்வே கட்டணம்’ என்று ரூ.850 பிடித்திருந்தார்கள்.

அந்தப் பதற்றத்தில் இன்னொரு கடையில் ரூ.61,000 கொடுத்து வாங்கினேன். எனக்குத் தேவையே இல்லாத எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஒன்றையும் சேர்த்து வாங்கினால்தான் கார்டு தருவோம் என்றார்கள். அதற்கும் தலையாட்டினேன். அந்த பில்லால் பட்ட பாட்டைக் கீழே சொல்கிறேன்.

பிட்காயின் விலை ஏறும்போதெல்லாம் மைனிங் கருவிகளின் விலையும் கூடவே ஏறும். ஒவ்வொரு ஏற்றத்திலும் புதிதாக வருகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். நான் தப்பும் தவறுமாகக் கற்றதை வரிசைப்படுத்தித் தருகிறேன். இந்தியாவில் வாங்குகிறவர்களுக்காக எழுதியது.

1. மெஷின் விலையைப் பார்க்காதீர்கள், ஒரு டெராவுக்கு என்ன விலை என்று பாருங்கள்

கடைக்காரர் காட்டும் ‘40% தள்ளுபடி’யை முதலில் மறந்துவிடுங்கள். அடித்துக் காட்டும் பழைய விலையை அவரே போட்டிருப்பார். நீங்கள் போட வேண்டிய கணக்கு இரண்டே இரண்டு.

முதல் கணக்கு, மொத்த விலையை டெராஹாஷால் (மெஷினின் கணக்கு வேகத்தின் அளவு, சுருக்கமாக டெரா) வகுப்பது. ஓர் எடுத்துக்காட்டு: ஆன்ட்மைனர் எஸ்19 என்ற பிட்காயின் மெஷின், 95 டெரா, ஒரு கடையில் ரூ.1,42,500 என்று வைத்துக்கொள்வோம். டெராவுக்கு ரூ.1,500 ஆகிறது. இன்னொரு கடையில் எஸ்19 ப்ரோ, 110 டெரா, ரூ.1,54,000. டெராவுக்கு ரூ.1,400. விலைச்சீட்டில் இரண்டாவதுதான் அதிகம்; ஆனால் மலிவு அதுதான். இரண்டுமே 3,250 வாட் இழுப்பவை என்பதால் மின்செலவிலும் இரண்டாவதே மேல்.

இரண்டாவது கணக்கு மின்சாரம். 3,250 வாட் என்றால் ஒரு நாளைக்கு 78 யூனிட், 30 நாளைக்கு 2,340 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் மாதம் ரூ.23,400. உங்கள் இணைப்பின் உண்மையான கட்டணத்தைப் போட்டுப் பாருங்கள். வீட்டு இணைப்பில் இவ்வளவு ஓடினால் மேல் அடுக்குக் கட்டணம்தான் விழும்.

இந்தக் கணக்கு தெரிந்தால் பழைய மெஷின் வலையில் விழமாட்டீர்கள். எஸ்9 என்ற 2016-ஆம் ஆண்டு மாடல் இன்னமும் ‘ஆரம்பிப்பவர்களுக்கு ஏற்றது’ என்ற பெயரில் விற்பனைக்கு வருகிறது. அது தருவது 13.5 டெரா, இழுப்பது ஏறக்குறைய 1,320 வாட். ஒரு டெராவை ஒரு மாதம் ஓட்ட எஸ்9-க்கு 70 யூனிட், எஸ்19-க்கு 24.6 யூனிட், 200 டெரா எஸ்21-க்கு 12.6 யூனிட். எஸ்9-ஐப் பத்தாயிரம் ரூபாய்க்குக் கொடுத்தாலும் ஓட்டுவது நட்டம்தான்.

கிராபிக்ஸ் கார்டு வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 செப்டம்பர் 15 முதல் எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை கார்டில் மைனிங் செய்ய முடியாது. ‘மைனிங் கார்டு’ என்று சொல்லி யாராவது கூடுதல் விலை கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

2. மூன்று விலைகளை ஒரே நாளில் எடுங்கள்

தயாரிப்பாளரின் தளத்தில் ஒரு விலை: பிட்மெயின், மைக்ரோபிடி, கனான் ஆகிய மூவரில் யாருடைய மெஷினோ அவரிடம். இந்திய ஆன்லைன் கடையில் ஒரு விலை. நேரில் விற்கும் வியாபாரியிடம் போனில் ஒரு விலை. நான் சென்னைக்காரன், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் இரண்டு கடைக்காரர்களைக் கேட்பது வழக்கம். அவர்களிடம் மெஷின் இல்லாவிட்டாலும் “இப்போ அந்த ரேட்டுக்கு யாரும் எடுக்கறதில்ல சார்” என்ற ஒரு வரி கிடைக்கும். அந்த ஒரு வரி எனக்குப் பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தியிருக்கிறது.

ஒரே நாளில் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தச் சந்தையில் போன வாரத்து விலையோடு இன்றைய விலையை ஒப்பிட்டால் முடிவு தவறாகும்.

தயாரிப்பாளர் தளத்து விலை மிகக் குறைவாகத் தெரிந்தால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, அது எந்த மாதத்து ‘பேட்ச்’ (அனுப்பும் தொகுதி). இன்று பணம் கட்டினால் மெஷின் சில மாதம் கழித்து வரலாம். பிட்காயின் மைனிங்கின் கடினத்தன்மை 2,016 பிளாக்குக்கு (பரிவர்த்தனைத் தொகுப்புக்கு) ஒருமுறை, அதாவது சுமார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மாறும்; அது ஏறினால் வருமானம் குறையும். மெஷின் கைக்கு வரும்போது அதன் வருமானம் நீங்கள் கணக்குப் போட்டதைவிடக் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு, அந்த விலையில் கூரியரும் இந்திய வரியும் சேரவில்லை.

3. ‘கைக்கு வந்து சேரும் விலை’யை எழுத்தில் வாங்குங்கள்

பெரும்பாலோர் பணத்தை விடுவது இந்த இடத்தில்தான்.

இந்தியக் கடை என்றால் கேள்வி எளிது: ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா? கணினி உதிரிபாகங்களுக்கு 18%. பக்கத்தில் ரூ.1,00,000 என்று காட்டிவிட்டு செக்-அவுட்டில் ரூ.1,18,000 ஆக்குவார்கள். அதன்மேல் ‘ஹேண்ட்லிங்’, ‘இன்சூரன்ஸ்’, ‘டெஸ்டிங்’ என்று வரிசையாக வரும். முதலில் குறைத்துக் காட்டிப் படிப்படியாக ஏற்றும் இந்த வேலையை, 2023 நவம்பர் 30-இல் மத்திய அரசு அறிவித்த ஏமாற்று வடிவமைப்புகள் தொடர்பான வழிகாட்டு விதிகள் தடை செய்கின்றன. ‘இன்னும் 2 மட்டுமே’, ‘09:58 நிமிடத்தில் சலுகை முடிகிறது’ என்று பொய்யாக அவசரப்படுத்துவதும், நீங்கள் தேர்ந்தெடுக்காத பொருளைக் கூடையில் சேர்த்துவிடுவதும் அதே பட்டியலில் உள்ளன. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி மொத்த விலையை ஒரே தொகையாகவும், அதன் பிரிவுகளோடும் காட்ட வேண்டியது கடையின் கடமை.

வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைப்பது என்றால், பொருளின் விலையோடு கூரியர், சுங்க வரி இருந்தால் அது, அதன்மேல் கூடுதல் தீர்வை, எல்லாவற்றுக்கும் மேலே ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி., கூரியர் நிறுவனத்தின் கிளியரன்ஸ் கட்டணம் என்று அடுக்கு அடுக்காக ஏறும். மெஷினை எந்தச் சுங்கத் தலைப்பில் வகைப்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்து வரி மாறும். ஆகவே ஆர்டர் போடும் முன்பே சுங்க முகவர் ஒருவரிடம் மாடல் பெயரைக் கொடுத்து, தலைப்பையும் வரியையும் மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆதார், பான் நகல்கள் கூரியர் நிறுவனத்துக்குத் தேவைப்படும். முன்கூட்டியே தயாராக வைத்தால் கிடங்கில் பெட்டி தங்கும் நாட்கள் குறையும். கிடங்கு வாடகையும் உங்கள் தலையில்தான் விழும்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. “இன்வாய்ஸில் விலையைக் குறைத்துப் போட்டு அனுப்புகிறோம், வரி மிச்சம்” என்று விற்பவர் ஆசை காட்டுவார். சம்மதிக்காதீர்கள். சுங்கத்தில் பிடிபட்டால் பொருள் பறிமுதலாகும், அபராதம் விழும், இறக்குமதியாளர் என்ற முறையில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். பொருள் பழுதாகி வந்தாலும் குறைத்துப் போட்ட அந்தத் தொகைக்கு மேல் உங்களால் கோர முடியாது.

4. விற்பவர் யார் என்று பாருங்கள்

தளத்தின் அடியில் ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். பதினைந்து எழுத்துகள், முதல் இரண்டு எண்கள் மாநிலம் (தமிழ்நாடு 33, கர்நாடகா 29, மகாராஷ்டிரா 27, டெல்லி 07). அதை ஜி.எஸ்.டி. இணையதளத்தின் வரி செலுத்துவோர் தேடல் பக்கத்தில் போட்டால் பதிவுப் பெயர், முகவரி, பதிவான தேதி, இன்றைக்கு நடப்பில் உள்ளதா என்பதெல்லாம் வரும். இலவசம், இரண்டு நிமிட வேலை. பதிவாகி மூன்று மாதம்கூட ஆகாத நிறுவனம், சந்தைக்கு 30% கீழே விலை, பணத்தை யு.பி.ஐ.யில் தனிநபர் பெயருக்கு அனுப்பச் சொல்வது: இம்மூன்றில் இரண்டு சேர்ந்தாலே விலகிவிடுங்கள்.

முடிந்தவரை கிரெடிட் கார்டில் கட்டுங்கள். பொருள் வராவிட்டால் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்க அதில் வழியுண்டு. யு.பி.ஐ.யில் நீங்களே அனுப்பிய பணத்தை மீட்பது கடினம், கிரிப்டோவில் கட்டியது போனதுதான்.

5. பணம் கட்டும் முன்பே ஆதாரம் சேர்க்க ஆரம்பியுங்கள்

எல்லோரும் சண்டை வந்த பிறகுதான் ஸ்க்ரீன்ஷாட் தேடுகிறார்கள். அதற்குள் பக்கம் மாறியிருக்கும். என் முதல் ஆர்டரில் ரூ.42,500 காட்டிய பக்கத்தை எடுத்து வைத்திருந்தேன். அன்று மாலை ரூ.58,000 ஆனதையும் எடுத்தேன். இரண்டிலும் கணினியின் தேதியும் நேரமும் தெரியும்படி முழுத்திரையாக எடுத்தேன். பிறகு பிடித்த பணம் திரும்பக் கிடைத்தது அந்த இரண்டு படங்களால்தான்.

பொருள் பக்கம், செக்-அவுட்டில் விலைப் பிரிவு, ரத்து விதிகள், உத்தரவாத விதிகள் ஆகிய நான்கையும் எடுத்து வையுங்கள். முடிந்தால் பொருள் பக்கத்தை ஆர்க்கைவ் தளத்தில் சேமித்துவிடுங்கள். தேதியோடு பிறர் இடத்தில் இருக்கும் சாட்சி அது. வாட்ஸ்அப்பில் பேசிய விலையை “உறுதி செய்யுங்கள்” என்று ஒரு மெயிலாகவும் அனுப்பிப் பதில் வாங்குங்கள். போனில் சொன்ன எதற்கும் மதிப்பில்லை.

பெட்டி வந்ததும் பிரிப்பதை இடைவெட்டில்லாமல் வீடியோ எடுங்கள்: முகவரிச் சீட்டு, முத்திரை, மெஷினின் சீரியல் எண், பிறகு ஓட விட்டு டாஷ்போர்டில் மூன்று ஹாஷ்போர்டுகளும் (கணக்குப் போடும் சிப் பலகைகள்) தெரிவது, அரை மணி நேரச் சராசரி ஹாஷ்ரேட் (கணக்கு வேகம்). ‘புதியது’ என்று விற்ற மெஷினில் போர்டுகள் பழுதுபார்த்தவை என்பது இந்த அரை மணி நேரத்தில் பல சமயம் வெளிப்பட்டுவிடும்.

6. பில்லை வரிக்கு வரி படியுங்கள்

என் இரண்டாவது கொள்முதலின் கதை இதுதான். ரூ.61,000 வாங்கியவர்கள், பில்லில் கார்டுக்கு ரூ.47,000, எஸ்.எம்.பி.எஸ்.-க்கு ரூ.6,500, மீதி ரூ.7,500-ஐ ‘அசெம்பிளி சர்வீஸ்’ என்று போட்டிருந்தார்கள். எதையும் யாரும் அசெம்பிள் செய்யவில்லை. சீரியல் எண் இல்லை. நான் பார்த்தது மொத்தத் தொகையை மட்டும்தான்.

எட்டாவது மாதம் கார்டின் மின்விசிறி நின்றது. சர்வீஸ் சென்டர் கவுன்டரில் இருந்த பையன் பில்லை இரண்டு முறை திருப்பிப் பார்த்தான். “சார், பில்லுல சீரியல் நம்பர் இல்லையே. இது இந்தக் கார்டோட பில்லுதான்னு நான் எப்படிப் போடறது?” என்றான். அவன் மேல் தவறில்லை. கடையிலிருந்து திருத்திய பில் வாங்க ஐந்து வாரம் ஆனது. ஐந்து வாரமும் கார்டு சும்மா கிடந்தது.

பில்லில் இருக்க வேண்டியவை: விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், உங்கள் பெயரும் முகவரியும், சரியான மாடல், ஒவ்வொரு மெஷினின் சீரியல் எண், வரி தனியாக, நீங்கள் கட்டிய முழுத் தொகை. வராத சேவைக்குப் போட்ட தொகையை அன்றைக்கே நீக்கச் சொல்லுங்கள்.

பெட்டி மேல் உள்ள எம்.ஆர்.பி.-யையும் பாருங்கள். அதற்கு மேல் விற்பது சட்டமுறை எடையளவு விதிகளின்படி குற்றம். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவில் புகார் செய்யலாம். ஆனால் இதைப் பெரிய கவசமாக நம்ப வேண்டாம். இறக்குமதி செய்கிறவர்கள் ஒட்டும் எம்.ஆர்.பி. பெரும்பாலும் சந்தை விலையைவிட மிக உயரத்தில் இருக்கும். அதற்குள்ளேயே கொள்ளை விலைக்கு விற்றுவிடுவார்கள்.

7. ‘ஜி.எஸ்.டி. நம்பர் குடுங்க, இன்புட் எடுத்துக்கலாம்’ என்றால் நிதானியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். அந்த இரண்டாவது கடையில் இப்படிக் கேட்டபோது, என் அண்ணன் கடையின் எண்ணைக் கொடுத்தேன். வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கடை தன் வரியில் கழித்துக்கொள்வதுதான் இன்புட் கிரெடிட்; 18% மிச்சம் என்று நினைத்தேன். பிறகு கட்டாய காம்போவுக்காகப் புகார் செய்யப் போனபோது, வழக்கறிஞரான நண்பர் பில்லைப் பார்த்துவிட்டு, வாங்கியவர் நீ இல்லை, கடை என்றார்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காக வாங்குகிறவரை நுகர்வோராக ஏற்பதில்லை. ஒரு விலக்கு உண்டு: சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்துகிறவர் நுகர்வோர்தான். வீட்டில் ஒன்றிரண்டு மெஷின் வைத்துத் தானே ஓட்டுகிறவர் இந்த விலக்கைச் சொல்லி வாதாட முடியும். கடையின் பெயரில் பில், இன்புட் கிரெடிட் என்று போய்விட்டால் எதிர்த்தரப்பு முதல் வரியிலேயே ‘வணிக நோக்கம்’ என்று எழுதிவிடும். அந்தப் புகாரை நான் கைவிட வேண்டியதாயிற்று. இன்புட் கிரெடிட் வேண்டுமா, நுகர்வோர் உரிமை வேண்டுமா என்பதை பில் போடும் முன்பே முடிவு செய்யுங்கள். மற்றவர் எண்ணை ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

வருமான வரியில் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் வேண்டாம். மெய்நிகர் டிஜிட்டல் சொத்து (கிரிப்டோ போன்றவை) வருமானத்துக்கு 2022 ஏப்ரல் 1 முதல் 30% வரி. மைனிங் கட்டமைப்புக்கான செலவை அடக்க விலையாகக் கழிக்க முடியாது என்று நிதி அமைச்சகம் 2022 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டது. உங்கள் நிலையை ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

8. ஏமாற்றிவிட்டார்களா? இந்த வரிசையில் போங்கள்

முதலில் ஒன்று. விலை அதிகம் என்பது மட்டுமே புகாருக்குப் போதுமான காரணமாகிவிடாது. நீங்கள் பார்த்துச் சம்மதித்து வாங்கியதாகச் சொல்வார்கள். பிடித்துக்கொள்ள வேண்டியது விற்ற முறையை. நிலவும் சந்தை நிலைக்குப் பொருந்தாத, நியாயமற்ற விலையைச் சுமத்தி லாபம் பார்க்கும்படி விலையைத் திரிக்கக் கூடாது என்று மின்வணிக விதிகள் சொல்கின்றன. ஒரு பொருளை வாங்க இன்னொன்றை வாங்க வேண்டும் என்று நிபந்தனை போடுவது நுகர்வோர் சட்டத்தில் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை (restrictive trade practice) என்ற வகையில் வரும். பில் தராதது நியாயமற்ற வணிக நடைமுறை. உங்கள் புகாரில் இந்தச் சொற்களையே பயன்படுத்துங்கள். ‘கொள்ளை அடிக்கிறார்கள்’ என்று நான் எழுதிய முதல் மெயிலுக்குப் பதிலே வரவில்லை.

கடையின் குறைதீர் அலுவலருக்கு மெயில் அனுப்புங்கள். பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும். 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு என்பது விதி.

தீரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணம் கிடையாது. இணையதளத்திலும் பதிவு செய்யலாம்; பதிவு எண்ணைக் குறித்து வையுங்கள். என் ரூ.850 திரும்பி வந்தது இந்த வழியில்தான், இருபத்திரண்டு நாளில். சிறிய தொகைதான், ஆனால் கடை அதற்கு முன் மூன்று மெயிலுக்கு மசியவில்லை.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை ரூ.50 லட்சம் வரை இங்கேதான். ரூ.5 லட்சம் வரை கட்டணமே இல்லை. அதற்கு மேல் ரூ.10 லட்சம் வரை ரூ.200, ரூ.20 லட்சம் வரை ரூ.400. கடை டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தில் வழக்குப் போடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. 2025 ஜனவரி 1 முதல் நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும், பொருளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதம் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் அதைவிட நீளும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

தாக்கல் செய்யத் தேவையானவை: பில், பணம் கட்டிய சான்று, ஐந்தாம் படியில் எடுத்த படங்கள், மெயில்கள், 1915 பதிவு எண், உங்கள் அடையாள, முகவரிச் சான்றுகள், உறுதிமொழிப் பத்திரம். ஸ்க்ரீன்ஷாட்டுகளுக்கு மின்னணு ஆவணச் சான்றிதழும் சேர்த்துவிட்டால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்து இழுக்க முடியாது.

பணம் வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போய்விட்டால் அது நுகர்வோர் தகராறு அல்ல, மோசடி. உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். வங்கியில் பணத்தை முடக்க முடிவது முதல் சில மணி நேரத்தில்தான்; மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போக, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். ‘அடுத்த வாரம் செட்டில் செய்கிறோம்’ என்று கடை இழுத்துக்கொண்டே போகும். ஆர்டர் ரத்தான தேதியையோ பொருள் கைக்கு வந்த தேதியையோ காலண்டரில் குறித்து, ஆறாவது மாதத்தில் ஒரு நினைவூட்டல் போட்டு வையுங்கள். அதற்குள் பணம் வராவிட்டால் மேற்கொண்டு மெயில் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தாக்கல் செய்யுங்கள்.